பெர்குசன் நகரத்தின் அபராதக் கணக்கு

2015 மார்ச் 4 அன்று அமெரிக்க நீதித் துறை (அந்நாட்டு அரசின் சட்ட அமைச்சகம் போன்றது), மிசூரி மாநிலத்தின் பெர்குசன் நகரம் பற்றி இரண்டு அறிக்கைகளை வெளியிட்டது. மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞரைச் சுட்டுக்கொன்ற காவலர் டேரன் வில்சன்மீது கூட்டாட்சிச் சட்டப்படி வழக்குத் தொடர இடமில்லை என்றது ஒன்று. அவர் வேலை பார்த்த காவல் துறையும், அதனோடு இயங்கிய நகர நீதிமன்றமும் பல ஆண்டுகளாக அரசியலமைப்பை மீறி, பெரும்பாலும் கறுப்பின மக்களிடமிருந்து பணம் கறந்துவந்தன என்றது மற்றொன்று. காவலரின் பக்கம் நின்றவர்கள் முதல் அறிக்கையைக் கையில் எடுத்தார்கள். தெருவில் நின்று போராடியவர்கள் இரண்டாவதை எடுத்தார்கள். இரண்டையும் தந்தது ஒரே துறை, அதன் தலைவராக இருந்த ஒரே அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர். ஒன்றை நம்புகிறவர் மற்றொன்றைத் தள்ளிவிட நல்ல காரணம் ஏதும் கிடையாது.

பெர்குசனில் இனவெறி இருந்ததா என்ற கேள்விக்கு ஊருக்குள் வந்த விடைகள் எல்லாம் ஒரே இடத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டவை அல்ல. ஒரு சாரார் தங்கள் மனத்தையும் அண்டை வீட்டாரின் மனத்தையும் பார்த்து ‘இல்லை’ என்றார்கள். மறு சாரார் கையில் இருந்த அபராதச் சீட்டையும் நீதிமன்ற நிலுவையையும் காட்டி ‘இருக்கிறது’ என்றார்கள். இந்த ஆய்வு அந்தச் சீட்டின் பக்கம் அதிக நேரம் நிற்கிறது. கருத்து வேறுபாட்டை அளந்து பார்க்கக் கிடைக்கும் சான்று அங்கேதான் நிறைய இருக்கிறது.

ஊர் உருவான விதம்

செயின்ட் லூயிஸ் மாநகரம் 1876இல் தன்னைச் சுற்றியிருந்த கவுண்டியிலிருந்து (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பிரிந்து தனித்து நின்றது. அதன் எல்லை அன்றோடு உறைந்துபோனது. கவுண்டிக்குள் சின்னச் சின்ன நகராட்சிகள் முளைத்தன. 2014இல் அவற்றின் எண்ணிக்கை 90. அவற்றில் 80க்கும் மேற்பட்டவை சொந்த நீதிமன்றம் வைத்திருந்தன. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊருக்கும் தனி நீதிமன்றம் இருந்தது.

இப்படித் துண்டுதுண்டாகப் பிரிந்ததில் இனத்துக்கும் பெரிய பங்கு உண்டு. யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதை இனம் பார்த்துப் பிரிக்கும் சட்டத்தை 1916இல் செயின்ட் லூயிஸ் வாக்காளர்களே நிறைவேற்றினார்கள். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம், கென்டக்கியிலிருந்து வந்த ஒரு வழக்கில், அப்படிப்பட்ட சட்டங்கள் செல்லாது என்றது. அதற்குப் பிறகு, கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை வீட்டுப் பத்திரங்களில் ஏறியது. அந்த நிபந்தனையை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்ற 1948ஆம் ஆண்டின் ‘ஷெல்லி எதிர் கிரேமர்’ தீர்ப்பு, செயின்ட் லூயிஸ் லபாடி அவென்யூவில் உள்ள ஒரு வீட்டைப் பற்றியது. வீடு விற்கும் தனியாரும் இனப் பாகுபாடு காட்ட முடியாது என்ற 1968ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இதே கவுண்டியின் வடபகுதியில் நடந்த ஒரு விற்பனை மறுப்பில் தொடங்கியது. 1970இல் பிளாக் ஜாக் என்ற பகுதி, இரு இனத்தவரும் குடியேறக்கூடிய அடுக்குமாடித் திட்டம் ஒன்று வருகிறது என்று தெரிந்ததும் அவசரமாக நகராட்சியாக மாறி, புதிய அடுக்குமாடிகளுக்குத் தடை விதித்தது. 1974இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது.

பெர்குசனை ஒட்டியிருந்த கின்லாக் கறுப்பின மக்களின் ஊர். இரண்டு ஊர்களையும் இணைத்த சாலை 1960களின் பிற்பகுதிவரை தடுப்புப் போட்டு அடைக்கப்பட்டிருந்தது. கின்லாக், பெர்க்லி பள்ளி மாவட்டங்களை பெர்குசன்-ஃபுளோரிசன்ட் மாவட்டத்தோடு இணைக்கச் சொல்லி 1975இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. பின்னர் விமான நிலையத்துக்காக வீடுகளை விலைக்கு வாங்கி வாங்கி, 2010 கணக்கெடுப்பில் கின்லாக்கில் மிஞ்சியவர்கள் 298 பேர்.

பெர்குசனோ 1970இல் ஏறக்குறைய முழுக்க வெள்ளையர் ஊர். 1990இல் கறுப்பினத்தவர் கால்வாசி. 2000இல் பாதிக்குச் சற்று மேல். 2010இல் 21,203 பேரில் 67 சதவீதம். இருபது ஆண்டுகளில் ஊரின் முகம் மாறியது, அதிகாரம் மாறவில்லை. 2014 ஆகஸ்டில் மேயர் வெள்ளையர். நகர மன்றத்தின் ஆறு உறுப்பினரில் ஐந்து பேர் வெள்ளையர். நீதித் துறை ஆய்வு செய்தபோது 54 காவலரில் நான்கு பேர்தான் கறுப்பினத்தவர். நகராட்சித் தேர்தல் தனியாக ஏப்ரலில் நடக்கும். 2013இல் வாக்களித்தவர்கள் 12 சதவீதம் அளவுக்குத்தான். வாடகைக்கு வந்து, ஒப்பந்தம் முடிந்ததும் வேறு ஊருக்குப் போகிற குடும்பங்களுக்கு ஏப்ரல் தேர்தல் நடப்பதே தெரியாமல் போகலாம். முப்பது ஆண்டுகளாகச் சொந்த வீட்டில் இருப்பவர் தவறாமல் வாக்களிப்பார்.

யார் எதைச் சொன்னார்கள்

2014 ஆகஸ்ட் 9 நண்பகலில் கேன்ஃபீல்டு டிரைவ் என்ற தெருவில் பிரவுன் சுடப்பட்டார். உடல் ஏறத்தாழ நான்கு மணி நேரம் வெயிலில் கிடந்தது. அடுக்குமாடிகளில் இருந்தவர்கள் மாடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய சினத்தை விளங்கிக்கொள்ள விரும்புகிறவர் துப்பாக்கிச் சூட்டை மட்டும் பார்த்தால் போதாது. அந்த நான்கு மணி நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பத்து நாள் கழித்து, தன் ஊரில் இனப் பிளவு என்று ஒன்று இல்லை என்று மேயர் ஜேம்ஸ் நோல்ஸ் தொலைக்காட்சியில் சொன்னார். அதே நாட்களில் பியூ ஆய்வு மையம் நாடு முழுக்க ஒரு கருத்துக் கணிப்பு நடத்தியது. இந்தச் சம்பவம் இனம் பற்றிய முக்கியமான கேள்விகளை எழுப்புகிறது என்றவர்கள் கறுப்பினத்தவரில் 80 சதவீதம், வெள்ளையரில் 37 சதவீதம். இனத்துக்குத் தேவைக்கு மேல் கவனம் தரப்படுகிறது என்றவர்கள் வெள்ளையரில் 47, கறுப்பினத்தவரில் 18 சதவீதம். மேயர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர் பழகிய வட்டத்தில் பிளவு கண்ணில் பட்டிருக்காது. அவரைப் போலவே பல வெள்ளையினக் குடியிருப்பாளர்கள், பெர்குசன் இரு இனமும் கலந்து வாழும் நல்ல ஊர், அதனால்தான் இங்கே இருந்தோம் என்று நம்பினார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து வெள்ளையர் ஓடியபோது ஓடாமல் தங்கியவர்கள் அவர்களில் உண்டு. ‘பெர்குசனை நேசிக்கிறேன்’ என்ற பலகைகள் புல்வெளிகளில் எழுந்தது இந்த மனநிலையிலிருந்துதான். அதே பலகை எதிர்வரிசையில் நின்றவர் கண்ணுக்கு, எங்கள் துயரத்தைவிட ஊரின் பெயர்தான் உங்களுக்குப் பெரிது என்று சொல்வதாகப் பட்டது.

நகர அதிகாரிகள் நீதித் துறை ஆய்வாளர்களிடம் இரண்டு வாதங்களை வைத்தார்கள். கூச்சல் போடுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள், உண்மையான பெர்குசன்வாசிகள் அல்ல என்பது ஒன்று. அபராதத்தில் சிக்குகிறவர்களுக்குத் தனிமனிதப் பொறுப்புணர்வு இல்லை என்பது இன்னொன்று. இரண்டாவது வாதத்துக்குக் கீழே திரும்ப வருவோம்.

கறுப்பினத்தவர் எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று நினைப்பதும் தவறு. சொந்த வீடு வாங்கி, புல்வெளி வெட்டி, ஊர்ச் சங்கத்துக்குப் போகிற நடுத்தர வயதினர் இருந்தார்கள்; தென்கிழக்கு மூலையின் அடுக்குமாடிகளில் வாடகைக்கு இருந்த இளைஞர்கள் இருந்தார்கள். முன்னவர்களுக்கு வெஸ்ட் ஃபுளோரிசன்ட் அவென்யூவில் கடை எரிந்ததும் வலித்தது, காவலர் நிறுத்தி விசாரித்ததும் வலித்தது. பின்னவர்களுக்கு அந்தச் சாலைதான் அன்றாடம். இந்த இரண்டாவது கூட்டத்தின் குரல் அதற்கு முன் எந்த நகர மன்றக் கூட்டத்தையும் எட்டியதில்லை என்பதே 2014இன் கொந்தளிப்புக்குப் பெரிய காரணம் என்று கருதுகிறோம்.

வசூல் நடந்த விதம்

மிசூரியில் 1980ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் ஒன்று, மக்கள் வாக்கு இல்லாமல் உள்ளாட்சிகள் வரியை உயர்த்துவதைத் தடுக்கிறது. அதனால் சிறு நகரங்கள் விற்பனை வரியை நம்பி நிற்கும். கடைகள் நலிந்தால் பணப்பெட்டி காலி. வாக்கெடுப்பு தேவைப்படாத வருவாய் என்று எஞ்சுவது அபராதம்.

பெர்குசன் கணக்கைப் பாருங்கள். 2010 நிதியாண்டில் பொது வருவாய் 110.7 லட்சம் டாலர்; அதில் அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் 13.8 லட்சம். 2011இல் 14.1 லட்சம். 2012இல் 21.1 லட்சம். 2013இல் 24.6 லட்சம். 2015க்குப் போட்ட மதிப்பீடு 132.6 லட்சத்தில் 30.9 லட்சம். எட்டில் ஒரு பங்காக இருந்தது ஐந்தே ஆண்டில் நான்கில் ஒரு பங்கை நெருங்கியது. குற்றம் எவ்வளவு நடக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் குற்றத்திலிருந்து எவ்வளவு வர வேண்டும் என்பது ஆண்டுத் தொடக்கத்திலேயே முடிவாகியிருந்தது.

இலக்கை எட்டும் ஏற்பாடு இப்படி. பெர்குசனில் நிர்வாகத்தை நடத்துபவர் நகர மேலாளர். காவல் துறைத் தலைவரும் நிதி இயக்குநரும் அவருக்குக் கீழே. நீதிமன்ற ஊழியர்கள் நிதிப் பிரிவின்கீழ் வந்தார்கள். விற்பனை வரியில் பெரிய துண்டு விழுகிறது, ஆண்டு முடிவதற்குள் சீட்டு எழுதுவது கணிசமாகக் கூடாவிட்டால் அடுத்த ஆண்டு வசூலை உயர்த்துவது கடினம் என்று 2010 மார்ச்சில் நிதி இயக்குநர் காவல் துறைத் தலைவருக்கு மின்னஞ்சல் எழுதினார். 2013 மார்ச்சில் அதே நிதி இயக்குநர், கட்டணம் 7.5 சதவீதம் உயரும், 10 சதவீதம் தர முடியுமா என்று தலைவரிடம் கேட்டேன், முயல்வதாகச் சொன்னார் என்று மேலாளருக்கு எழுதினார். எத்தனை சீட்டு எழுதினார் என்பது காவலரின் பணி மதிப்பீட்டில் சேர்ந்தது. இந்த மின்னஞ்சல்களில் இனம் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இலக்கு மேலிருந்து இறங்கியது. அது யார் தலையில் விழும் என்பதைத் தெருவில் நின்ற காவலரின் பழக்கம் தீர்மானித்தது.

நீதிபதியை நியமிப்பது நகர மன்றம். 2012இல் மன்ற உறுப்பினர் ஒருவர், நடப்பு நீதிபதி சாட்சியத்தைச் சரியாகக் கேட்பதில்லை, மறுபடி நியமிக்க வேண்டாம் என்றார். நீதிமன்றத்தின் திறனையும் அபராத வருவாயையும் இழக்க நகரத்தால் முடியாது என்பது மேலாளரின் பதில். அவர் மறுபடி நியமிக்கப்பட்டார்.

அபராத அளவுகள்: சாலையில் நடந்து சென்ற விதத்துக்கு 302 டாலர், அமைதியைக் குலைத்ததற்கு 427, புல்லும் களையும் வளரவிட்டதற்கு 531, காவலர் சொன்னபடி நடக்காததற்கு 527 முதல் 792 வரை. எல்லா வழக்கிலும் இவ்வளவு விதிக்கப்படவில்லை. ஆனால் பதிவேட்டில் இவை உள்ளன.

மனிதரை உண்மையில் நசுக்கியது முதல் அபராதத்தைவிட அதன் பின்னால் வந்த சங்கிலி. வாய்தா நாளில் வராவிட்டால் ‘ஆஜராகத் தவறிய குற்றம்’ என்று புது வழக்கு. அதற்குத் தனி அபராதம், தனி நீதிமன்றச் செலவு, தனி வாரண்ட் கட்டணம். தவணை தவறினாலும் இதே கதை. போக்குவரத்து வழக்காக இருந்தால் ஓட்டுநர் உரிமமும் முடக்கப்படும். பேருந்து வசதி குறைந்த ஊரில் உரிமம் இல்லாதவர் வேலையை விட வேண்டும், அல்லது முடங்கிய உரிமத்தோடு ஓட்ட வேண்டும். ஓட்டிப் பிடிபட்டால் இன்னொரு வழக்கு. ஆஜராகத் தவறியதற்காக மட்டும் 2013இல் நகரம் வசூலித்தது 4.42 லட்சம் டாலர். அந்த ஓராண்டில் 9,000க்கும் மேற்பட்ட வாரண்டுகள் பிறப்பிக்கப்பட்டன. 2014 டிசம்பரில் வாரண்ட் நிலுவையில் இருந்தவர்கள் 16,000 பேருக்கு மேல். ஊர் மக்கள் 21,000 என்பதை நினைவில் வையுங்கள். அவர்களில் நிறையப் பேர் ஊரைக் கடந்து போன பக்கத்து ஊர்க்காரர்கள்.

அறிக்கையில் உள்ள ஒரு பெண்ணின் வழக்கு இதைக் கண்முன் நிறுத்துகிறது. 2007இல் ஒரே முறை காரைத் தவறாக நிறுத்தியதற்கு இரண்டு சீட்டும், 151 டாலர் அபராதமும், கட்டணமும். அவருக்கு வருமானம் குறைவு; சில காலம் வீடும் இல்லை. 2007 முதல் 2010 வரை ஏழு முறை ஆஜராகவில்லை அல்லது தவணை கட்டவில்லை என்று ஏழு புது வழக்குகள். இருமுறை கைது, ஆறு நாள் சிறை. நடுவில் ஒருமுறை 25 டாலரும் இன்னொருமுறை 50 டாலரும் அனுப்பினார். முழுத் தொகை இல்லை என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. மொத்தம் 550 டாலர் கட்டிய பிறகும், 2014 டிசம்பரில் அவர் தர வேண்டிய பாக்கி 541 டாலர்.

மற்றொன்று 2012 கோடையில் நடந்தது. கூடைப்பந்து ஆடிவிட்டு நிறுத்திய காரில் இளைப்பாறிக்கொண்டிருந்த 32 வயதுக் கறுப்பினத்தவரைக் காவலர் அணுகினார். பூங்காவில் சிறுவர்கள் இருந்ததால், சிறுவர்களைச் சீண்டுபவர் என்று காரணமே இல்லாமல் குற்றம் சாட்டினார். காரைச் சோதிக்க அவர் மறுத்ததும் துப்பாக்கியை நீட்டிக் கைது செய்தார். எட்டு வழக்குகள். தன் பெயரைச் சுருக்கிச் சொன்னது பொய் வாக்குமூலம் என்று ஒரு வழக்கு; நின்றிருந்த காரில் இருக்கைப் பட்டி அணியவில்லை என்று ஒரு வழக்கு. இந்த வழக்குகளால் கூட்டாட்சி அரசின் ஒப்பந்த வேலை தன் கையைவிட்டுப் போனது என்று அவர் ஆய்வாளர்களிடம் சொன்னார்.

இப்போது தனிமனிதப் பொறுப்பு என்ற வாதத்துக்கு வருவோம். அந்த வாதத்தை வைத்த அதே அலுவலகங்களில், தங்களுக்கும் நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் வந்த சீட்டுகளை அதிகாரிகளும் நீதிமன்ற ஊழியரும் நீதிபதியும் சேர்ந்து தள்ளுபடி செய்த மின்னஞ்சல்கள் கிடைத்தன. பொறுப்பு எல்லாருக்கும் ஒன்றாக இருந்திருந்தால் வாதத்துக்கு எடை இருந்திருக்கும். ஆள் தெரிந்தவருக்கு ஒரு வழி, தெரியாதவருக்கு ஒரு வழி என்று இருந்ததால் அது நிற்கவில்லை. அதே அஞ்சல் பெட்டிகளில் ஒபாமாவையும் பிற கறுப்பினத்தவரையும் இழிவாகப் பேசும் மின்னஞ்சல்கள் கிடைத்தன. நீதிமன்ற எழுத்தர் ஒருவர் நீக்கப்பட்டார். இரண்டு காவல் மேற்பார்வையாளர்கள் விலகினார்கள். மனத்தில் இனவெறி இல்லை என்று சொன்னவர்களுக்கு மிகவும் சங்கடமான சான்று இந்த அஞ்சல்கள். ஆனாலும் இவை இல்லாதிருந்தால்கூட மேலே சொன்ன சங்கிலி அப்படியேதான் ஓடியிருக்கும்.

எண்களைப் பற்றிய சண்டை

2012 முதல் 2014 வரை, மக்கள் தொகையில் 67 சதவீதமான கறுப்பினத்தவர், நிறுத்தப்பட்ட வாகனங்களில் 85 சதவீதம், அபராதச் சீட்டுகளில் 90 சதவீதம், கைதுகளில் 93 சதவீதம். சாலையில் நடந்து சென்ற விதத்துக்கான வழக்குகளில் 95 சதவீதம்.

இதற்கு வந்த மறுப்பைச் சுலபமாகத் தள்ளக் கூடாது. சாலையில் ஓடும் வண்டிகள் எல்லாம் உள்ளூர்க்காரருடையவை அல்ல. சுற்றிலும் கறுப்பினத்தவர் அதிகமாக வாழும் ஊர்கள். ஊர் மக்கள் தொகையை அளவுகோலாக வைப்பது சரியா என்று விமர்சகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 67க்கும் 85க்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒன்றை மட்டும் வைத்துப் பாகுபாட்டை நிறுவ முடியாது.

அளவுகோல் தேவைப்படாத சோதனைகளும் உண்டு. மிசூரியில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு காவல் துறையும் நிறுத்திய வண்டிகளின் விவரத்தை இன வாரியாகத் தர வேண்டும். பெர்குசன் 2013இல் தந்தது இது: நிறுத்தியவை 5,384. அதில் கறுப்பின ஓட்டுநர் 4,632, வெள்ளையர் 686. சோதனை போடப்பட்டவர்கள் கறுப்பினத்தவரில் 562 பேர், அதாவது 12.13 சதவீதம், வெள்ளையரில் 47 பேர், 6.85 சதவீதம். சட்டவிரோதப் பொருள் அகப்பட்ட விகிதம் கறுப்பினத்தவரிடம் 21.7, வெள்ளையரிடம் 34. நிறுத்தப்பட்ட பிறகு நடப்பதை மட்டும் பார்ப்பதால் சாலையில் யார் ஓடினார்கள் என்ற கேள்வி இங்கே எழுவதில்லை. ஒரே அளவு சந்தேகம் வந்தால்தான் சோதிப்போம் என்று காவலர்கள் நடந்திருந்தால் பொருள் அகப்பட்ட இரு விகிதமும் அருகருகே வந்திருக்க வேண்டும். கறுப்பினத்தவரைச் சோதிக்கக் குறைந்த சந்தேகமே போதுமானதாக இருந்தது என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது. வெள்ளையர் எண்ணிக்கை 47 மட்டும் என்பதால் ஓராண்டுக் கணக்கில் இன்னும் பாரத்தை ஏற்றக் கூடாது. நீதித் துறை நீண்ட காலத் தரவை எடுத்து, பிற காரணங்களையும் கணக்கில் கொண்டு பார்த்தபோதும் திசை மாறவில்லை.

இன்னொரு சோதனை வேகம். கருவியால் அளந்து எழுதிய வேகச் சீட்டுகளில் கறுப்பினத்தவர் பங்கு 72 சதவீதம்; கருவியின்றி எழுதியவற்றில் 80. கருவி இல்லாத இடத்தில் காவலரின் கண் வேலை செய்கிறது, அங்கே பங்கு கூடுகிறது. ஒரே நிறுத்தத்தில் நான்கும் அதற்கு மேலும் சீட்டு வாங்கிய சம்பவங்கள் கறுப்பினத்தவருக்குக் குறைந்தது 73. மற்றவர்களுக்கு இரண்டே இரண்டு. ஆராய்கிறவருக்கு எங்கள் பரிந்துரை: மக்கள் தொகை ஒப்பீட்டோடு தொடங்காதீர்கள், இவற்றிலிருந்து தொடங்குங்கள். எதிர்த்தரப்போடு பேச வழி பிறக்கும்.

துப்பாக்கிச் சூடு பற்றிய அறிக்கை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காவலர் வேண்டுமென்றே உரிமையை மீறினார் என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். பிரவுனின் கையில் மிக அருகிலிருந்து பட்ட காயமும், காருக்குள் அவருடைய மரபணுவும், தெருவில் கிடந்த இரத்தத் துளிகளும் கைகலப்பு காரிலேயே நடந்ததையும், ஓடியவர் திரும்பி வில்சனை நோக்கி வந்ததையும் காட்டின. கைகளை உயர்த்திச் சரணடைந்தார் என்ற சாட்சியங்கள் சான்றுகளோடு ஒத்துப்போகவில்லை. வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழுவான மாநில கிராண்ட் ஜூரி 2014 நவம்பர் 24இல் குற்றச்சாட்டு வேண்டாம் என்றது; போராட்டங்களுக்குப் பின் தேர்தலில் வென்று கவுண்டி அரசு வழக்கறிஞரான வெஸ்லி பெல் மறுபடி ஆராய்ந்து 2020 ஜூலையில் அதே முடிவுக்கு வந்தார். கைகளை உயர்த்தும் சைகை, போராட்ட இயக்கத்தின் அடையாளமாகிவிட்டிருந்தது. அது பிழையான சாட்சியத்தில் தொடங்கியது என்று ஒப்புக்கொள்வது அபராதக் கணக்கின் உண்மையை எள்ளளவும் குறைக்காது. ஒப்புக்கொள்ள மறுத்ததால், கேட்க வேண்டியவர்கள் பலர் இரண்டாவது அறிக்கையைத் திறக்காமலே போனார்கள் என்பது எங்கள் கணிப்பு.

பிறகு

2015 மார்ச்சில் நீதிபதி, நகர மேலாளர், காவல் துறைத் தலைவர் மூவரும் பதவி விலகினர். ஏப்ரல் தேர்தலில் வாக்குப் பதிவு 30 சதவீதத்தைத் தொட்டது. எல்லா (Ella) ஜோன்ஸ், வெஸ்லி பெல் இருவரும் மன்றத்துக்குள் வந்தார்கள். 2020இல் ஜோன்ஸ் ஊரின் முதல் கறுப்பின மேயரானார். 2015 ஜூலையில் மாநிலம் புதுச் சட்டம் இயற்றியது. போக்குவரத்து அபராத வருவாய்க்கு மாநிலம் முழுக்க 20 சதவீதமும், செயின்ட் லூயிஸ் கவுண்டிக்கு மட்டும் 12.5 சதவீதமும் உச்சவரம்பு. கவுண்டியின் சிறு நகரங்கள் வழக்குப் போட, ஒரு கவுண்டிக்கு மட்டும் தனிச் சட்டம் கூடாது என்று 2017இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து 20ஐ எல்லாருக்கும் பொதுவாக்கியது. அந்த நகரங்களில் சில கறுப்பினத்தவரே ஆண்டவை. வசூலை நம்பிய ஊர், ஆள்பவரின் நிறம் மாறினாலும் வசூலை நம்பியே நிற்கும். இனம் பற்றிய விவாதத்தில் அதிகம் தவறவிடப்படும் பாடம் இதுதான்.

புதிய நகர நீதிபதி 2015 ஆகஸ்டில், 2014 முடிவுக்குள் பிறந்த எல்லா வாரண்டையும் திரும்பப் பெற ஆணையிட்டார். காவல் துறைச் சீர்திருத்தத்துக்கு நீதித் துறையும் நகரமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: நீதிபதியின் ஒப்புதலோடு, சுயேச்சைக் கண்காணிப்பாளரின் மேற்பார்வையில் நடைபெறும் ஏற்பாடு. 2016 பிப்ரவரியில் மன்றம் செலவுக்கு அஞ்சி ஏழு திருத்தங்களை நுழைத்தது. மறுநாளே நீதித் துறை வழக்குத் தொடர்ந்தது. மார்ச்சில் மன்றம் இறங்கிவந்தது. ஏப்ரல் 19இல் நீதிபதி கேத்தரின் பெர்ரி ஒப்புதல் தந்தார். அந்த ஏப்ரலிலேயே வாக்காளர்கள் விற்பனை வரி உயர்வை ஏற்று, சொத்து வரி உயர்வை நிராகரித்தார்கள். அபராத வருவாயும் சரிந்து, சீர்திருத்தச் செலவும் ஏறி, காவலரைப் பணியில் வைத்துக்கொள்வதே பெரும் பாடானது.

பணம் கட்ட முடியாததற்காகச் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் 2015இல் தொடுத்த குழு வழக்கு 2024இல் 45 லட்சம் டாலருக்குத் தீர்ந்தது. உரியவர்கள் 15,000 பேருக்கு மேல். சமமாகப் பிரித்தாலும் ஆளுக்கு 300 டாலர் தேறாது.

வேறொரு ஊரை ஆராய்வதானால்

முதலில் ஐந்து ஆண்டு நகராட்சி வரவுசெலவு அறிக்கையை எடுங்கள். அபராத வரிசையில் மதிப்பீடு எவ்வளவு, உண்மை வசூல் எவ்வளவு, பொது வருவாயில் என்ன பங்கு என்று மூன்று பத்தி போடுங்கள். மதிப்பீடு ஆண்டுதோறும் ஏறி, விற்பனை வரி இறங்கினால் அங்கே நிற்க வேண்டும்.

அடுத்து நீதிமன்ற ஆண்டுக் கணக்கில் நிலுவை வாரண்டுகளை ஊர்த் தொகையோடு ஒப்பிடுங்கள். ஆளைவிட வாரண்ட் அதிகமானால், ஆஜராகாதது தனிக் குற்றமா, பகுதித் தொகையை வாங்குகிறார்களா, நீதிமன்றத்தில் பணம் கட்டும் திறனை விசாரிக்கிறார்களா என்று பாருங்கள்.

மூன்றாவது, நிறுத்தம், சோதனை, அகப்பட்டது என்ற மூன்று எண்களை இன வாரியாக எழுதி இரண்டு விகிதங்களைக் கணக்கிடுங்கள். சோதனை எண்ணிக்கை ஐம்பதுக்குக் கீழே இருந்தால் மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் சம்மதத்தோடு நடந்த சோதனையைத் தனியே பிரியுங்கள். கைதுக்குப் பின் கட்டாயமாக நடப்பதும் அதுவும் கலந்தால் விகிதம் கெட்டுவிடும்.

அதற்குப் பிறகே மக்களிடம் பேசப் போங்கள். சொந்த வீட்டுக்காரரையும் வாடகைக்கு இருப்பவரையும் தனித்தனியே சந்தியுங்கள். ‘இங்கே இனவெறி உண்டா’ என்று கேட்காதீர்கள்; கடைசியாகக் காவலர் உங்களை எப்போது நிறுத்தினார், எதற்கு, சீட்டு எத்தனை, எவ்வளவு கட்டினீர்கள், பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள். பலரிடம் அந்தக் காகிதங்கள் பத்திரமாக இருக்கும்.